நாலு மணி நேரத் தொலைவு

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் ஏறக்குறைய நாலு மணி நேரம்; அட்டவணையைப் பொறுத்து நாலேகால், நாலரை என்றும் போட்டிருப்பார்கள். மகனோ மருமகனோ அங்கே இருக்கிற வீட்டில் இது எல்லாருக்கும் மனப்பாடம். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்திராத பாட்டிகூட, "நாலு மணி நேரம், வந்துருவான்" என்று சொல்லிவிட்டுத் தனக்குத் தானே தலையாட்டிக்கொள்வாள்.

தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னை கணக்கில் வராது. அவர்களுக்குத் திருச்சிதான். திருச்சி பக்கம் என்பதால் அங்கிருந்து சிங்கப்பூரும் பக்கம் என்றொரு நினைப்பு உண்டு. உண்மையில் திருச்சியிலிருந்து தூரம் கொஞ்சம் கூடுதல், கிட்டத்தட்ட 2,980 கிலோமீட்டர். ஆனால் பட்டுக்கோட்டைக்காரருக்குச் சென்னை என்றால் ஒரு ராத்திரி முழுக்க பஸ். திருச்சிக்கு அதில் பாதி நேரம்கூட ஆகாது. வானத்தில் கூடிய எண்பது கிலோமீட்டரை யாரும் உணர்வதில்லை. தரையில் குறைந்த தூரத்தைத்தான் உடம்பு உணர்கிறது.

தூரம், நேரம் என்ற இந்த இரண்டு எண்களும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, எதையெல்லாம் வெளியே விட்டுவிடுகின்றன என்று யோசித்தபோது எழுதியவை இந்தக் குறிப்புகள்.

*

வகுத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கும். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் போகிறது. 2,900 கிலோமீட்டருக்கு மூன்று மணி இருபது நிமிடம் போதும். மிச்சம் முக்கால் மணி நேரம் எங்கே போகிறது?

தரையிலும் தரையை ஒட்டியும் போகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதில், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதில், மெல்ல ஏறுவதில், மெல்ல இறங்குவதில், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க வரிசை நீளமாக இருந்தால் வானத்திலேயே வட்டமடிப்பதில் போகிறது.

விமானக் கம்பெனிகள் பயண நேரத்தைச் சக்கரம் தரையை விட்டு எழும் நொடியிலிருந்து கணக்கிடுவதில்லை. நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். ரப்பரில் செய்தது, மஞ்சள் வண்ணம் அடித்தது, இரண்டையும் இணைத்து ஒரு கயிறு. மேட்டில் லாரியை நிறுத்தியதும் கிளீனர் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறாரே, அதே கட்டைதான். அதை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்குவது 'ஆஃப் பிளாக்'. அந்தப் பக்கம் போய் நின்று மறுபடி கட்டை வைப்பது 'ஆன் பிளாக்'. இரண்டுக்கும் நடுவே உள்ளது 'பிளாக் டைம்'. டிக்கெட்டில் நாம் பார்க்கிற நேரம் அதுதான். அதிலும் தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துத்தான் போடுவார்கள். சீக்கிரம் வந்துவிட்டோம் என்று அறிவிப்பு வரும்போது அந்தச் சேமிப்பில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறார்கள் என்று பொருள்.

ஆகவே நாலு மணி நேரம் என்பது ஒரு கட்டையை எடுப்பதற்கும் இன்னொரு கட்டையை வைப்பதற்கும் நடுவே உள்ள நேரம். அது விமானத்தின் கணக்கு, அதற்குச் சரியான கணக்கும்கூட. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எப்போது கட்டை எடுத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்பது வேறு சங்கதி. சிலருக்கு ஊரிலேயே, கடன் வாங்கக் கையெழுத்துப் போட்ட அன்றே எடுத்தாயிற்று.

*

வழியின் சரி பாதி எங்கே வருகிறது என்று உலக உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தால், நிகோபார் தீவுகளுக்குச் சற்று மேற்கே வருகிறது. சுற்றிலும் கடல். இந்தியாவை விட்டு ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தாயிற்று, ஆனால் இன்னும் இந்தியா முடியவில்லை. இருநூறு கிலோமீட்டருக்குள் கிரேட் நிகோபார். அதன் தென்கோடியில் இந்திரா முனை. அங்கிருந்து சுமத்ரா, சென்னையைவிடப் பல மடங்கு பக்கம்.

ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின் மீதும் ஸ்ரீவிஜயத்தின் மீதும் கப்பற்படை அனுப்பினான். அவனுடைய மெய்க்கீர்த்தி அடுக்கிச் சொல்லும் ஊர்களில் மாநக்கவாரமும் உண்டு. இன்றைய நிகோபார்தான் அது என்பது ஆய்வாளர்களின் முடிவு. போகிற வழியில் நிழலும் நீரும் கிடைக்கிற இடம். கப்பலில் போனவனுக்கு அது பாதி வழியின் அடையாளம். இன்று ஜன்னலோரம் உட்கார்ந்தவர் விழித்திருந்து, மேகமும் இல்லாமல் இருந்தால், கரும்பச்சையாக ஒரு கோடு தெரியும். பெரும்பாலும் அது ராத்திரி விமானம். யாரும் பார்ப்பதில்லை.

*

பாய்மரக் காலத்தில் இந்தத் தூரத்துக்கு நிலையான நேரம் கிடையாது. தென்மேற்குக் காற்றில் கிழக்கே போகலாம். வடகிழக்குக் காற்றில் திரும்பலாம். நடுவில் காற்று மாறும் வரை அங்கேயே தங்க வேண்டும். ஆகவே வணிகனின் பயணத்தில் கடலில் கழிந்த நாட்களைவிடத் துறைமுகத்தில் காத்திருந்த மாதங்கள் அதிகம். போனவன் காற்று மாறும் முன் திரும்ப மாட்டான் என்பது வீட்டாருக்கும் தெரியும். எதிர்பார்ப்புக்கு ஒரு பருவம் இருந்தது.

இன்றைய விமானத்துக்கும் காற்றுக் கணக்கு உண்டு, ஆனால் அது தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் தென்மேற்குக் காற்று வீசுகிறபோது, பன்னிரண்டு முதல் பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள். 1950-களில் அதை ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். உலகின் பல வழித்தடங்களில் கிழக்கே பறப்பது சுலபம், மேற்கே பறப்பது சிரமம். பருவமழைக் காலத்தில் நம் தென்கோடியில் அது மாறிவிடும். ஊர் திரும்புகிறவருக்குக் காற்று பின்னாலிருந்து உதவும்.

ஒரே பருவம்தான். அதன் கீழ்க்காற்று அன்று சோழக் கப்பல்களைக் கிழக்கே தள்ளியது. அதன் மேல்காற்று இன்று விடுப்பில் வருகிறவனை மேற்கே தள்ளுகிறது. எட்டு, பத்து நிமிடம் மிச்சமாகலாம். குடிநுழைவுச் சோதனை வரிசையில் அது கரைந்துபோகும்.

*

கிழக்கே போகும் விமானத்துக்கு ஒற்றைப்படை உயரம்: முப்பத்தைந்தாயிரம் அடி, முப்பத்தேழாயிரம் அடி. மேற்கே வருவதற்கு இரட்டைப்படை. எதிரெதிரே வந்தாலும் நடுவே ஆயிரம் அடி இடைவெளி இருக்கும். ஆக, முதன்முறையாக வேலைக்குப் போகிறவன் தலைக்கு மேலே முந்நூறு மீட்டரில், வேலை முடிந்து திரும்புகிறவன் போகிறான். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

*

கடிகாரம் இன்னொரு குழப்பம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ராத்திரி பதினொன்றுக்குச் சென்னையில் கிளம்பினால் அங்கே விடிகாலை ஐந்தரைக்கு இறங்குகிறோம். ஆறரை மணி நேரம் பறந்ததுபோல் தோன்றும். அங்கே ராத்திரி எட்டுக்குக் கிளம்பினால் இங்கே ஒன்பதரை. ரயிலில் மதுரைக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் போக முடியாது.

ஆனால் சூரியனைக் கேட்டால் இரண்டரை என்று சொல்லாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகையில் வித்தியாசம் இருபத்து மூன்றரைப் பாகை. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வீதம் ஒரு மணி முப்பத்து நாலு நிமிடம். மீதி ஐம்பத்தாறு நிமிடம் அரசாங்கங்கள் போட்டது.

அந்த ஐம்பத்தாறு நிமிடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையில் 1802-ல் வானாய்வுக் கூடத்தின் ஜான் கோல்டிங்ஹாம் சென்னை நேரத்தைக் கணித்தார்: கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் பதினாலு நொடி முன்னால். 1906-ல் இந்திய நேரம் வந்தபோது அதில் கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் கூடியது. சிங்கப்பூர் பாடு இதைவிட அலைச்சல். 1905-ல் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னால். பிறகு ஏழு மணி இருபது நிமிடம். 1941-ல் ஏழரை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் பிடித்ததும் ஊரே தோக்கியோ நேரத்துக்கு மாறியது, ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னால். 1945-ல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மறுபடி ஏழரை. தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தபோது, 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரும் கூடவே அரை மணி முன்னே நகர்ந்தது. அன்று முதல்தான் நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி. அதற்கு முந்தின நாள்வரை இரண்டு.

இதனால் சிங்கப்பூரில் வருஷம் முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்று. கட்டட வேலைக்குப் போகிற ஆட்கள் லாரியில் ஏறும்போது இருட்டாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஊரில் அம்மா எழுந்து வாசல் தெளிக்க இன்னும் நேரம் இருக்கிறது. போன் போட மனம் வராது. அவன் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, பத்து மணிக்குப் போனை எடுத்தால் ஊரில் ஏழரை. அதுதான் இரண்டு வீட்டுக்கும் ஒத்துவருகிற நேரம். நெடுந்தொடர் ஓடுகிற நேரமும் அதுதான்.

*

கப்பல்காரர்களின் கதையைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'ரஜூலா' என்றால் எழுபது வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். 1926-ல் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1973 வரை ஓடிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று தொட்டுத் தொட்டுச் சிங்கப்பூர் போய்ச்சேர ஒரு வாரம்போல் ஆகும். பெரும்பாலோர் டெக் பயணிகள். மேல்தளத்தில் ஆளுக்கு ஒரு பாய் அகலம். டிரங்குப் பெட்டி தலைமாட்டில். அதன் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது, பிரான்சில் 1966-ல் கட்டப்பட்ட கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் வழியும் முடிந்தது.

ஒரு வாரம் என்பதும் கடல் மட்டும்தான். கப்பல் ஏறும் முன் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ கூலி முகாமில் கிடந்த நாட்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் கப்பலில் அம்மை, காலரா என்று சந்தேகம் வந்துவிட்டால், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இறக்கிவிட்டுக் காக்கவைப்பார்கள். பினாங்குக்கு ஜெரஜாக் தீவு. சிங்கப்பூருக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு. 1874-லிருந்து அது தடுப்பு முகாம். ஊர் தெரிகிறது, போக முடியாது. அந்தத் தீவில் கழிந்த நாட்களைப் பயண நேரத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று எந்தக் கால அட்டவணையும் சொல்லவில்லை.

கப்பல் நிற்பதற்கு வெகு முன்பே விமானம் வந்துவிட்டது. ஏர் இந்தியா 1954-லேயே சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. அப்புறமும் முப்பது வருஷம் கப்பல் ஓடியது என்றால் காரணம் ஒன்றுதான்: டிக்கெட் விலை. நாலு மணி நேரமும் ஒரு வாரமும் ஒரே காலத்தில், ஒரே இரண்டு ஊருக்கு நடுவே, அவரவர் மடியில் இருந்த பணத்தைப் பொறுத்து இருந்தன. தூரம் எல்லாருக்கும் ஒரே நாளில் சுருங்கவில்லை.

*

கப்பலைப் பற்றி எழுதும்போது இன்னொன்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மனிதன் போகிற வேகத்தைப் பற்றியே பேசுகிறோம். சேதி போகிற வேகம்?

1871-க்கு முன்பு இரண்டும் ஒன்றுதான். கடிதமும் ஆளும் ஒரே கப்பலில் வந்தார்கள். அப்பா இறந்தார் என்ற சேதி மகனுக்கு வந்துசேர வாரங்கள் ஆகும்; வரும்போது காரியமெல்லாம் முடிந்திருக்கும். அழுவான், மொட்டை போட்டுக் கடலில் குளிப்பான். உடனே கிளம்பினால் முகத்தைப் பார்த்துவிடலாம் என்ற நினைப்பே எழ வழியில்லை.

1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து சேதி மணிக்கணக்கில் போயிற்று. ஆள் பழையபடி கப்பலில்தான். அப்பா இப்போதுதான் போனார், உடம்பு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் போக முடியாது. கம்பி வருவதற்கு முன்பு இல்லாத ஒரு தவிப்பு இது. நம் ஊர்களில் தந்திக்காரர் சைக்கிள் தெருவுக்குள் திரும்பினாலே பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சாவு மட்டும் இல்லை. சாவுச் செய்தி வருகிற வேகத்துக்கு மனிதன் போய்ச்சேர முடியாது என்பதும்தான். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையை மூடும்வரை அந்தப் பயம் சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதை யோசித்த பிறகு எனக்குத் தூரத்துக்கு வேறு அளவு ஒன்று பிடிபட்டது. சேதி போய்ச்சேரும் நேரத்துக்கும் ஆள் போய்ச்சேரும் நேரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதுதான் தூரம். கடல் எத்தனை கிலோமீட்டர் என்பது அதற்கப்புறம்.

*

அந்த அளவுகோலால் 2004 டிசம்பர் 26-ஐ அளந்து பார்க்கிறேன். சுமத்ராவுக்கு மேற்கே காலை ஆறரை மணிவாக்கில், நம் நேரப்படி, பூமி உடைந்தது. அலை வங்கக் கடலைக் கடந்து சென்னையைத் தொட ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஆழ்கடலில் ஆழிப்பேரலையின் வேகம் மணிக்கு எழுநூறு கிலோமீட்டரைத் தொடும், ஜெட் விமானத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த நேரத்தில் மேலே பறந்துகொண்டிருந்த விமானத்தில் இருந்தவர்களுக்குக் கீழே ஓடியது தெரிந்திருக்காது. நடுக்கடலில் அலை உயர்ந்து தெரிவதில்லை.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் அதற்கு முன்பே ஒளியிழைக் கம்பிகள் இருந்தன. முதல் பெரிய கம்பி 2002-லேயே போட்டாயிற்று, சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடியில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில், இந்த முனையில் சொன்ன சேதி அந்த முனைக்குப் போக நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அலைக்கு இரண்டரை மணி. நடுவே அவ்வளவு நேரம் இருந்தது. ஆனால் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு எந்தப் பக்கத்திலும் இல்லை. காலையில் கடற்கரைக்கு நடக்கப் போனவர்கள், நாகையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவர்கள், யாருக்கும் ஒரு சொல் வரவில்லை. கிரேட் நிகோபாரில் இந்திரா முனை சில மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போயிற்று. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்.

கம்பி இருந்தால் மட்டும் சேதி போய்விடாது. யாரோ ஒருவர் இன்னாருக்குச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

*

சாங்கியில் திருச்சி விமானத்துக்கு நிற்கிற வரிசையை எந்த ஊர்க்காரரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அட்டைப் பெட்டிகள், நாலு பக்கமும் பிளாஸ்டிக் கயிறு, மேலே தடித்த பேனாவில் பேர், ஊர், கைப்பேசி எண். உள்ளே மைலோ, சாக்லேட், கோடாலித் தைலம், கம்பளி, தங்கச்சி பிள்ளைக்கு ரிமோட் கார். எடை மிஞ்சிப்போய்ப் பெட்டியைப் பிரித்து ஓரமாக உட்கார்ந்து இதை எடுக்கவா அதை எடுக்கவா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிரிப்பும் கேலியும் இருக்கும்.

அப்படி ஒரு வரிசையின் கடைசியில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை, வேறொன்றும் இல்லை. காலில் வேலைக்குப் போடுகிற கனத்த ஷூ, அதில் காய்ந்த சிமெண்ட். முன்னால் நின்றவர்கள் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள். வெறுங்கையோடு ஊருக்குப் போகிறவரைப் பார்த்தால் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டிக்காரர் ஒருவர், வயதானவர், மெல்லக் கேட்டார்: "யாருக்குத் தம்பி?"

"அப்பாவுக்குண்ணே."

"எப்ப எடுக்குறாங்க?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருக்கோம்னு அண்ணன் சொல்லிருக்கு."

"எந்த ஊரு?"

"பேராவூரணிப் பக்கம்."

பெரியவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். விமானம் இறங்குகிற நேரம், வெளியே வர முக்கால் மணி, கார் பிடித்தால் இரண்டரை, மூன்று மணி. "சரியா இருக்கும்" என்றார். பிறகு முன்னால் திரும்பி, "இவரை முன்னாடி விடுங்கப்பா" என்றார். எடை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பெட்டியை இழுத்து ஓரம் கட்டினார்கள். வரிசையின் முன்னால் போவதால் விமானம் சீக்கிரம் கிளம்பிவிடப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் விட்டார்கள்.

அந்தப் பெரியவர் கூட்டின கணக்கில் 2,980 கிலோமீட்டர் வரவில்லை. நாலு மணி நேரம் வந்தது, ஆனால் நடுவில் ஒரு வரியாக. மேலே முதலாளியிடம் அனுமதி கேட்ட நேரம் இருந்தது. டிக்கெட்டுக்கு அறைத் தோழர்களிடம் பணம் புரட்டிய நேரம் இருந்தது. கீழே திருச்சியிலிருந்து பேராவூரணி வரை உள்ள சாலை இருந்தது. எல்லாம் கூட்டி, நாளைக்கு மத்தியானத்துக்குள் அடங்குகிறதா என்பதே விடை.

*

இந்தக் கணக்கில் ஊரும் தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறது. முன்பெல்லாம் பொழுது சாயும் முன் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் வழக்கம். இன்று தாலுகா ஊர்களில்கூட ஃப்ரீசர் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது. கண்ணாடி மூடி, பக்கவாட்டில் பிளக், கரண்ட் போனால் போடுவதற்கு ஒரு ஜெனரேட்டர். பந்தல்காரரே சேர்த்துக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். சிங்கப்பூரிலோ துபாயிலோ பிள்ளை இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். "தம்பி வரட்டும்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் பறையடிப்பவரிலிருந்து பங்காளிகள் வரை எல்லாரும் காத்திருக்கிறார்கள். விமானம் குறைத்த நேரத்தில் எஞ்சியதை ஊர் தன் பக்கத்திலிருந்து நீட்டிக் கொடுத்திருக்கிறது. சேதிக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள இடைவெளி இன்று ஒரு நாளுக்குள் வந்துவிட்டதற்கு ஜெட் என்ஜின் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதிக் காரணம் இந்தக் காத்திருப்பு.

வர முடியாதவர்களுக்குக் கைப்பேசித் திரை இருக்கிறது. யாரோ ஒரு பங்காளிப் பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சுடுகாடு வரை போகிறான். 2020-ல் விமானங்கள் நின்றுபோன மாதங்களில் அதுவும் பழகிப்போயிற்று. அந்த மாதங்களில் சிங்கப்பூர் நாலு மணி நேரத் தொலைவில் இல்லை. போகவே முடியாத தொலைவுக்குப் போயிருந்தது, சேதி மட்டும் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. 1871-க்கும் ஜெட்டுக்கும் நடுவே இருந்தவர்கள் பட்டதை நாமும் கொஞ்ச காலம் பட்டுப் பார்த்தோம்.

*

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புல்வெளியில் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் கேட்டால், புதிதாக வருகிற பையன்களுக்கு அவர்கள் சொல்கிற புத்திமதிகள் சில உண்டு. சம்பளத்தை முழுசாக அனுப்பிவிடாதே. திரும்பிப் போகிற டிக்கெட்டுக்கான பணத்தை எப்போதும் தனியாக வை, சீட்டுக் கட்டுவதற்குக்கூட அதைத் தொடாதே. ஊரில் ராத்திரியிலும் போனை எடுக்கிற ஆள் ஒருவரின் நம்பரை மேஸ்திரியிடம் கொடுத்து வை. ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வாரக் கடைசி வரை காத்திருக்காமல் அன்றைக்கே லீவைப் பற்றிப் பேசிவிடு.

எந்த வரைபடத்திலும் இல்லாத இந்த நாலு வரியும் கடலின் அகலத்தை அளந்துதான் சொல்லப்பட்டவை. இவற்றைப் பின்பற்றுகிறவனுக்கு ஊர் நாலு மணி நேரம். அந்த டிக்கெட் பணத்தை வேறெதற்கோ எடுத்துச் செலவழித்துவிட்டவனுக்கு, எவ்வளவு வேகமான விமானம் வந்தாலும், இன்னும் ரஜூலா காலத்துத் தூரம்தான்.